மாப்பிள்ளை எண்

கணக்கு வராது என்று ஒதுங்குகிறவர்களும் இந்த வழக்குக்குத் தீர்ப்பு சொல்லலாம். கணக்கு நன்றாக வந்தவர்கள்தான் இதில் மண்டையைப் பிய்த்துக்கொண்டார்கள்.

சென்னையில் ஒரு கணித ஆய்வு நிறுவனம். கோடை விடுமுறையில் கல்லூரி மாணவர்களை வரவழைத்து, இன்னும் யாருக்கும் விடை தெரியாத கணக்குகளைக் கொடுத்து ஆராய்ச்சி பழக்குவார்கள். அந்த மே மாதம் ஒரு குழுவில் மூன்று பேர்: கோவில்பட்டி சங்கரேஸ்வரி, மார்த்தாண்டம் ஜெபின், வாணியம்பாடி அஃப்ரின். வழிகாட்டியான வசுமதி மேடம் அவர்களுக்குப் புதுவகை எண் ஒன்றை வரையறுத்துக் கொடுத்தார். அதன் வகுத்திகள் இப்படி இருக்க வேண்டும், கூட்டினால் அப்படி வர வேண்டும், வர்க்கம் எடுத்தால் இன்னொன்று என்று நிபந்தனைகள் நீண்டுகொண்டே போயின.

"எங்க அக்காவுக்கு வரன் பார்த்தப்பகூட எங்க வீட்ல இவ்ளோ கண்டிஷன் போடல" என்றாள் அஃப்ரின். அன்றுமுதல் அது மாப்பிள்ளை எண் ஆகிவிட்டது.

கணினியில் தேடிப் பார்த்தார்கள். ஒன்றுகூடச் சிக்கவில்லை. சின்ன எண்களில் இல்லையென்றால் எங்கோ பெரிய எண்களில் இருக்கும் என்று விட்டுவிட்டார்கள். கண்ணில் படாத எண்ணாக இருந்தாலும், அது எப்படிப்பட்டது என்று நிரூபிக்க முடியும். கணிதக்காரர்களின் பிழைப்பு பாதி அப்படித்தான் ஓடுகிறது.

முதலில் ஜெபின் ஒன்றை நிரூபித்தான்: மாப்பிள்ளை எண் எதுவானாலும் அது இரட்டைப்படைதான். அவன் கொண்டாடி முடிப்பதற்குள் அஃப்ரின் வேறொரு வழியில் போய் நிரூபித்தாள்: மாப்பிள்ளை எண் எதுவானாலும் அது ஒற்றைப்படைதான். அத்தோடு இருவருக்கும் பேச்சுவார்த்தை நின்றது.

சண்டைக்குக் காரணம் இருந்தது. கண்டதை எழுதி வெளியிடும் கட்டுரையில் மூவர் பெயரும் அகரவரிசையில் வரும். அது இந்தத் துறையின் வழக்கம், அதில் யாருக்கும் மனத்தாங்கல் இல்லை. ஆனால் நிறைவு நாளில் குழுவுக்கு ஒருவர்தான் மேடையேறிப் பேசலாம். வெளியூர்ப் பேராசிரியர்கள் கேட்க வருவார்கள். பிடித்துப்போனால் ஆராய்ச்சிப் படிப்புக்குக் கையோடு கூப்பிட்டுக்கொள்வார்கள்.

"சங்கரேஸ்வரி, நீ ரெண்டையும் வரிவரியா படி. யாரோட ப்ரூஃப் நிக்குதோ அவங்க பேசட்டும்" என்று சொல்லிவிட்டு மேடம் டெல்லிக்குப் போய்விட்டார்.

சங்கரேஸ்வரி திண்டாடிப் போனாள். அவளாகச் சொந்தமாக எதையும் நிரூபிக்கவில்லை. அந்த வெட்கம் ஒருபுறம். அஃப்ரின் அவளுடைய அறைத்தோழி. ஜெபினோ அவளுக்குக் கணினியில் நிரல் எழுதக் கற்றுக்கொடுத்தவன். தப்பு கண்டுபிடித்தால் இவர்களில் ஒருவரின் மேடை போய்விடும். பயந்துகொண்டேதான் படித்தாள். ஜெபினுடையதைப் படித்தால் அஃப்ரின் எங்கோ சறுக்கியிருக்கிறாள் என்று தோன்றும். அஃப்ரினுடையதை எடுத்தால் ஜெபின்மேல் சந்தேகம் வரும். திரும்பத் திரும்பப் படித்தும் இரண்டிலும் ஓட்டை இல்லை. தனக்குத்தான் கணக்கு வரவில்லையோ என்று அழுகை வந்தது.

"எனக்க ப்ரூஃப்ல தப்பு உண்டும்னா காட்டு, பாப்போம்" என்றான் ஜெபின்.

"எந்த வரின்னு விரல் வெச்சு காட்டுடி" என்றாள் அஃப்ரின்.

மேடம் திரும்பி வந்ததும் மூவரும் கரும்பலகை முன்னால் கூடினார்கள். "யாரு தப்பு?" என்று கேட்டார்.

"ரெண்டு பேரு சொன்னதும் சரிதான் மேடம். நான் நல்லா பாத்துட்டேன்."

ஜெபின் சிரித்தான். அஃப்ரின் தலையில் அடித்துக்கொண்டாள். ஓர் எண் எப்படி இரட்டைப்படையாகவும் ஒற்றைப்படையாகவும் இருக்கும்? சங்கரேஸ்வரியும் அது விளங்காமல்தான் நின்றாள். மேடம் மட்டும் சிரிக்கவில்லை.

"சரி, ரெண்டும் சரின்னே வெச்சுக்கோ. அப்புறம்?"

சங்கரேஸ்வரி சாக்பீஸை எடுத்து இருவரின் முடிவையும் பலகையில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினாள். பிறகு அவற்றுக்குக் கீழே ஒரே ஒரு வரி எழுதினாள். அதைப் படித்த ஜெபினுக்கும் அஃப்ரினுக்கும் முகம் செத்துப்போனது.

இப்போது சொல்லுங்கள். அவள் எழுதிய வரி என்ன? மூவரில் யார் மேடையேறுவது நியாயம்?

விடை: "அப்படி ஓர் எண்ணே கிடையாது." இருந்தால் அது இரட்டைப்படையாகவும் ஒற்றைப்படையாகவும் இருந்தாக வேண்டும், அது நடக்காது. என் வீட்டு யானைகளெல்லாம் வெள்ளை என்று ஒருவரும் கறுப்பு என்று இன்னொருவரும் சொன்னால், வீட்டில் யானையே இல்லாதபோது யாரைப் பொய்யர் என்று பிடிப்பது? இருவர் சொன்னதும் சரிதான். மேடையை மேடம் சங்கரேஸ்வரிக்குக் கொடுத்தார். நானும் அவள் கட்சிதான். இரண்டு நிரூபணங்களும் மற்ற இருவர் கண்முன்னாலும் கிடந்தன. ஆனால் அடுத்தவர் சொன்னதும் சரியாக இருக்கலாம் என்று அவள் ஒருத்திதான் நம்பினாள். நிறைவு நாளில் ஜெபினும் அஃப்ரினும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து மறுபடி பேசிக்கொள்ளத் தொடங்கியதை அவள் மேடையிலிருந்து பார்த்தாள். பேச்சு முழுக்க அவளைத் திட்டித்தான்.