கரி ஒட்டாத கொம்பையா

“மன்னிக்கணுமா, வேண்டாமா? ரெண்டுல ஒண்ணு சொல்லிருங்க அம்மை. பொழுது சாய அவன் வந்திருவான்.”

மடத்து வாசலில் செருப்பைக் கழற்றும் முன்பே வெயிலுமுத்து கேட்டுவிட்டார்.

மடத்தைக் கவனித்துக்கொள்ளும் அம்மை திரும்பிப் பார்க்கவில்லை. விளக்குச் சுடருக்கு மேலே ஒரு மண் ஓட்டைக் கவிழ்த்துப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். அது சாமி விளக்கு அல்ல. கரி பிடிப்பதற்கென்றே மடத்தில் எரிகிற விளக்கு.

கோயில் கொடைவிழாச் சிலம்பப் போட்டிக்கு அங்கிருந்துதான் கரி போகும். அதைத் தண்ணீரில் குழைத்து, கம்பு நுனியில் சுற்றிய துணியைத் தோய்ப்பார்கள். எவன் உடம்பில் கரி ஒட்டுகிறதோ, அவன் கையைத் தூக்கி, “பட்டது” என்று தன் வாயாலேயே சொல்ல வேண்டும். மூன்று தரம் பட்டால் ஆட்டம் முடிந்தது.

கொம்பையா ஒரு தரம்கூட அப்படிச் சொன்னதில்லை.

அதனால்தான் அவன் படாத கொம்பையா. ஒவ்வொரு கொடைக்கும் அவனுக்குத் தலைப்பாகை கட்டிக் களத்தில் இறக்கிவிட்டவர் வெயிலுமுத்து. அவனைப் பித்தலாட்டக்காரன் என்று சொன்ன ஒருவனோடு கட்டிப் புரண்டு முன்பல்லைப் பறிகொடுத்தவரும் அவர்தான்.

பிறகு ஒரு கொடையில், ஆட்டத்தின் நடுவே மழை பிடித்துக்கொண்டது.

எல்லார் மேலும் தண்ணீர் வழிந்தது. கொம்பையா மேல் மட்டும் முத்து முத்தாக நின்றது, சேம்பிலையில் நிற்பதைப் போல. நெஞ்சு, தோள், முதுகு எல்லாம் மெழுகு. தேன்மெழுகைச் சூடு காட்டித் தேய்த்திருந்தான். கரி எப்படி ஒட்டும்?

ஊரே பார்த்தது. அன்றைக்கே ஊரைவிட்டுப் போனவன்தான், இன்றைக்குத்தான் திரும்பி வருகிறான்.

“இப்ப எதுக்கு வாரானாம்?” என்றாள் அம்மை.

“ஆட வரல. களத்துல வந்து நிப்பானாம். நான் தலைப்பாகை கட்டினா ஊர்ல இருப்பானாம். இல்லேன்னா வந்த வழியே போயிருவானாம். எல்லாவனும் என் மூஞ்சியைத்தான் பாக்கான். பூமாலையும் வாங்கியாச்சு, செருப்பு மாலையும் கோத்தாச்சு. ரெண்டும் ஒரே கூடையில கிடக்கு. இந்தக் கோமதிநாயகம் வேற, ‘எந்த மாலை அண்ணாச்சி, எந்த மாலை’ன்னு காலையிலேருந்து உயிரை வாங்குதான். எனக்குச் சோறு இறங்கல.”

“உங்க மனசு என்ன சொல்லுது?”

“அது நிமிஷத்துக்கு ஒண்ணு சொல்லுது.”

அம்மை ஓட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு மறுபடி கவிழ்த்தாள். அவரைவிட வயதில் இளையவள். அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவாள்.

“அடி விழுந்துச்சே, கரி ஒட்டலையேன்னு எதிராளி கேட்டப்போ, ‘மடத்துக் கரி மட்டம்’னு சொன்னது நீங்கதானே அண்ணாச்சி?”

வெயிலுமுத்துவின் நாக்கு, பல் போன இடத்தைப் போய்த் தொட்டது. மனசு சரியில்லாதபோதெல்லாம் அது அங்கேதான் போகும்.

“அது... ஒரு பேச்சுக்குச் சொன்னது.”

“நல்ல கரி” என்றாள் அம்மை.

கரியைச் சுரண்டிக் கிண்ணத்தில் போட்டாள். தண்ணீர் விட்டுக் குழைத்தாள். அவர் கையில் கொடுத்தாள்.

“தலைப்பாகை கட்டப் போறவனுக்குக் கரி எதுக்கு?”

“கட்டப் போறீங்களா?”

“அதுதானே தெரியல!”

“அப்போ கொண்டு போங்க. சிந்தாம.”

தோளில் தலைப்பாகைத் துணி. கையில் கரிக் கிண்ணம். களத்தை நெருங்கினார். ஜனங்கள் விலகி வழி விட்டார்கள்.

கோமதிநாயகம் கூடையோடு ஓடி வந்தான். “எந்த மாலை அண்ணாச்சி?”

“செத்த சும்மா இருடே.”

களத்தின் நடுவே கொம்பையா சட்டையில்லாத மேலோடு நின்றான். தாடி நரைத்திருந்தது. பக்கத்தில் ஒருவரும் போகவில்லை.

“வந்துட்டீங்களா அண்ணாச்சி” என்றான்.

வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த பேச்சு வெயிலுமுத்துவுக்கு மறந்துபோனது.

“மேலுல என்ன பூசியிருக்கே?”

“ஒண்ணும் இல்ல.”

“அப்பவும் இதைத்தானே சொன்னே?”

கொம்பையா கைகளை விரித்து நெஞ்சைக் காட்டினான்.

கிண்ணத்தில் கரி தளும்பியது. வெயிலுமுத்து விரலைத் தோய்த்து, சட்டென்று அவன் நெஞ்சில் வைத்து அழுத்தினார்.

ஒட்டியது.

கொம்பையா குனிந்து அதைப் பார்த்தான். வலது கையைத் தூக்கினான்.

“பட்டது.”

களம் ஒருமுறை அசைந்து அடங்கியது. அந்த வாயிலிருந்து அந்தச் சொல்லை அந்த ஊர் கேட்டதே இல்லை.

வெயிலுமுத்துவுக்குப் போதவில்லை.

“உன்கிட்டத் தோத்து அழுதுட்டே போனானே ஒருத்தன், இது அவனுக்கு.” தோளில் வைத்தார்.

“பட்டது.”

“தொண்டை கிழிய உன் பேரைக் கத்தினேனே, அதுக்கு.”

“பட்டது.”

“மூணு ஆச்சு அண்ணாச்சி, ஆட்டம் முடிஞ்சுது” என்று கூட்டத்தில் யாரோ சொன்னார்கள்.

அது அவர் காதில் விழவில்லை.

“இது என் பல்லுக்கு.”

“பட்டது.”

வயிற்றில் வைத்தார். முதுகுப் பக்கம் போய் வைத்தார். காரணம் சொல்லி வைத்தார். காரணம் தீர்ந்த பிறகும் வைத்தார். கொம்பையாவின் குரல் கம்மிப்போயிற்று. கை மட்டும் ஒவ்வொரு தரமும் மேலே போய் வந்தது. கோமதிநாயகம் கூடையைக் கீழே வைத்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

விரல் கிண்ணத்தின் அடியைச் சுரண்டியது. ஒன்றும் வரவில்லை.

“இங்கேயே நில்லு. அசையப்படாது. இந்தா வாரேன்.”

“நிக்கேன் அண்ணாச்சி.”

மூச்சிரைக்க மடத்துக்குள் நுழைந்தார்.

“அம்மை, கரி தீர்ந்துபோச்சு. இன்னும் வேணும்.”

“அவன்?”

“களத்துல நிக்கான்.”

“ஒட்டுச்சா?”

“ஒட்டுச்சு. நல்லாவே ஒட்டுச்சு.”

அம்மை எழுந்து மண் ஓட்டை அவர் கையில் கொடுத்தாள். “பிடிங்க.”

“எவ்வளவு நேரம் ஆகும்?”

“உங்களுக்கு எவ்வளவு வேணும்?”

அவர் உட்கார்ந்து பிடித்தார்.

கை கடுத்தது. மறு கைக்கு மாற்றினார். புகை கண்ணைக் கரித்தது. ஓட்டைத் திருப்பிப் பார்த்தார். நகத்தளவு கறுத்திருந்தது. மறுபடி கவிழ்த்தார்.

வெளியே வெளிச்சம் மங்கிக்கொண்டே வந்தது. களத்துச் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. ஜனங்கள் வீட்டுக்குத் திரும்புகிறார்கள் போலிருக்கிறது. அவனுக்கு யாராவது ஒரு வாய்த் தண்ணீர் கொடுத்திருப்பார்களா? போயிருப்பானோ? போகாமல் இன்னும் அங்கேயே நிற்கிறானோ?

கழுத்தில் ஏதோ உறுத்தியது. தலைப்பாகைத் துணி. அது தோளில் கிடப்பதையே மறந்துபோயிருந்தார்.

“அம்மை, இன்னுமா நிப்பான்?”

“நிக்கச் சொன்னது யாரு?”

நாக்கு பல் போன இடத்தைத் தொட்டது. அங்கேயே நின்றது.

“கரி போதும் அம்மை.” வெயிலுமுத்து ஓட்டைக் கீழே வைத்தார். விளக்கின் பக்கம் குனிந்து ஊதினார். பல் போன சந்தில் காற்று சிதறியது. சுடர் ஒருபக்கம் சாய்ந்து, மறுபடி நிமிர்ந்தது.

மூச்சை நன்றாக இழுத்துக்கொண்டு இன்னொரு தரம் ஊதினார்.