பாதி விதை

வெகு காலத்துக்கு முன்னால் கருங்காட்டுச் சீமையை வீரகண்டன் என்றொரு அரசன் ஆண்டுவந்தான். மழை பொய்த்து நாடே பட்டினி கிடந்த சமயம். களஞ்சியத்தில் மிஞ்சியது விதைச்சோளம் மட்டும்தான். கடைசியில் ஒரு மழை பெய்து மண் நனைந்தது.

யானைமேல் அமர்ந்து விதை வீசுவது தாண்டவராயர் குடும்பத்து உரிமை. அமைச்சர் அழகியநம்பியோ புதுக் கருவி ஒன்றைச் செய்வித்திருந்தார். மேலே மரக்கிண்ணம், அதிலிருந்து கீழிறங்கும் மூங்கில் குழாய்கள், அடியில் மண்ணைக் கீறும் கொழுக்கள். மாடு இழுக்க, நாச்சாள் என்ற குடியானவப் பெண் பின்னால் நடந்து கிண்ணத்தில் விதையிடுவாள்.

"மூங்கிலா? பாடை கட்டுகிற மரம் மகாராஜா! விளங்குமா?" என்றார் தாண்டவராயர்.

"மகாராஜாவின் பல்லக்குக் கொம்பும் மூங்கில்தான் ராயரே. அதைப் பார்த்து யாரும் ஒப்பாரி வைக்கவில்லையே" என்றார் அமைச்சர்.

அரசன் சிரித்துவிட்டான். "சரி, பந்தயம்! ஆளுக்குப் பாதி விதை, பாதி நிலம்."

அமைச்சர் தயங்கினார். ஆனால் ராயரின் முகம் கறுப்பதைப் பார்க்க அவருக்கும் ஆசை இருந்தது. ஒப்புக்கொண்டார்.

உச்சிவேளையில் அரசன் வந்து பார்த்தான். நாச்சாள் விதைத்த பக்கம் ஒரு மணிகூடத் தெரியவில்லை.

"திருட்டுக் கழுதை! மடியில் முடிந்துகொண்டாள்!" என்று குதித்தார் ராயர்.

"யார் நிலத்தில் விதை இல்லையோ அவர் தலை போகும்" என்றான் அரசன். நாச்சாள் மடியை அவிழ்த்து உதறிக் காட்டினாள்.

"நல்ல தீர்ப்பு. முதலில் ராயர் காட்டட்டும்" என்றார் அமைச்சர்.

ராயர் தம் பக்கம் ஓடினார். புறாக்கூட்டம் சடசடவென்று எழுந்து பறந்தது. குனிந்து தேடினார், தவழ்ந்து தேடினார். அகப்பட்டதெல்லாம் எச்சம்தான்.

"புறா தின்றால் நான் என்ன செய்வேன்?"

"புறாவுக்குத் தெரியாத இடத்தில் வைத்திருக்கலாம்" என்ற அமைச்சர் நாச்சாளுக்குக் கண் காட்டினார். அவள் விரலால் மண்ணைக் கீறினாள். ஈரத்துக்குள் வரிசையாகச் சோளம் கிடந்தது.

"புறா தின்றதற்கு உம் தலையை எடுக்கமாட்டேன் ராயரே, ஆனால் உரிமை போயிற்று. இனி மாட்டுக்குப் பின்னால் நடந்து விதையிடும்" என்ற அரசன் நாச்சாளிடம் திரும்பினான். "உனக்கு என்ன வேண்டும், கேள் அம்மா."

"மகாராஜா, பாதி விதை புறா வயிற்றில் போய்விட்டது. என் பக்கம் நன்றாக விளைந்தாலும் பாதி ஊருக்குத்தான் கஞ்சி. எந்தப் பாதிக்கு என்று மட்டும் சொல்லிவிடுங்கள்."

அரசன் அமைச்சரைப் பார்த்தான். அழகியநம்பி ராயர் பக்கம் போய், மிச்ச மணி ஏதும் கிடைக்குமா என்று மண்ணில் தேடத் தொடங்கினார்.

அரசன் பல்லக்கில் ஏறாமல் நடந்தே திரும்பினான்.