ஆறு தந்தி அறவாழியின் தனி ஆல்பம்

அறவாழிக்குத் தலை நரைத்திருந்தது. அவருடைய குரு டோரத்தி மிஸ்ஸுக்கு இன்னும் நரைக்கவில்லை. சாஸ்திரப்படி இது தலைகீழ்தான். ஆனால் பேஸ் கிடாருக்கு யாரும் சாஸ்திரம் எழுதி வைக்காததால் பெரம்பூரில் ஒருவரும் ஆட்சேபிக்கவில்லை.

பேஸ் கிடாருக்குச் சாதாரணமாக நான்கு தந்திகள். பாட்டுக்கு அடியில் ஓடும் கனத்த ஒலி அதிலிருந்துதான் வருகிறது. அறவாழியிடம் இருந்தது ஆறு தந்தி. தந்தி கூடினால் கர்வம் கூடும் என்று டிரம்மர்கள் சொல்வார்கள். ஆதாரம் கிடைக்கவில்லை.

வெகுகாலம் ஒரு ஜாஸ் ராக் குழுவில் வாசித்துவிட்டு அவர் வெளியே வந்திருந்தார். பாடல் வரி ஒன்றுகூட இல்லாமல், வாத்தியங்கள் மட்டுமே பேசும் தனி ஆல்பம் போட வேண்டும். அதன் முதல் உருப்படி இன்று தேறி நிற்க வேண்டும். நிற்காவிட்டால் திங்கட்கிழமை பழைய குழுவுக்கே போய்விடுவதாக மனைவியிடம் சொல்லியிருந்தார். அங்கே அவருடைய இடத்தைக் காலியாகவே வைத்திருந்தார்கள், ஒரு சிறு புன்னகையோடு.

ஒலிப்பதிவுக் கூடத்தில் டிரம்ஸில் லூர்து, கிடாரில் மெஹபூப், நடுவில் அறவாழி. மிஸ் மூலையில் உட்கார்ந்து முட்டை பப்ஸ் தின்றுகொண்டிருந்தார்.

ஏழு எண்ணிக்கைத் தாளம். சபாக்காரர்கள் மிஸ்ர சாபு என்பார்கள். லூர்து ‘ஒண்ணு கம்மி எட்டு’ என்பார்.

அறவாழி உச்சத் தந்திகளில் மெட்டை வாசித்தார். அழகான மெட்டு. விரல்கள் பறந்தன. மெஹபூப் அவருக்கு வழிவிட்டு ஒதுங்கி, டம்ளரில் ஸ்பூன் தட்டுவதுபோல் எப்போதாவது ஓர் ஒலி எழுப்பினார்.

முடிந்ததும் அறவாழி டிரம்ஸ் பக்கம் திரும்பினார்.

“எப்படி இருந்துச்சு லூர்து?”

“நல்லாத்தான் இருக்கு. ஊஞ்சல்ல உக்காந்து டிரம்ஸ் அடிச்ச மாதிரி. கால் தரையில படலை.”

“மெஹபூப்?”

“என்னைக் கேக்காதீங்கண்ணே. நான் பந்திக்கு வந்த விருந்தாளி. இன்னும் இலை போடலை.”

அறவாழி குருவிடம் திரும்பினார். “மிஸ், ஏதோ குறையுது. வயலின் சேக்கலாமா?”

“சேருங்க சார்.”

“இல்லே, சங்கு?”

“சங்கா? யாருக்கு என்னாச்சு?”

லூர்து டிரம்ஸுக்குப் பின்னால் குனிந்துகொண்டார்.

“விளையாடாதீங்க மிஸ். என்ன குறையுதுன்னு சொல்லுங்க.”

மிஸ் விரல்களைத் துடைத்துக்கொண்டார். சுவரில் சாத்தியிருந்த பழைய நான்கு தந்தி பேஸ் கிடாரை எடுத்து மாட்டிக்கொண்டார்.

“மறுபடி வாசிங்க.”

மெட்டு தொடங்கியது. மிஸ் ஏழு எண்ணிக்கைக்கு இரண்டே சுரங்கள் வாசித்தார், அடி ஆழத்தில்.

லூர்துவின் கால் தரையைக் கண்டது. மெஹபூப் நாற்காலியிலிருந்து எழுந்தார். அவருடைய கிடார் மெட்டுக்குப் பதில் பேச ஆரம்பித்தது.

அறவாழி பாதியில் நிறுத்தினார். ஒரு கணம் விழித்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார்.

“பேஸ் வாசிக்கிறவன் ஆல்பத்துல பேஸே இல்லை!”

“எங்களுக்குக் காலையிலேயே தெரியும்ணே,” என்றார் மெஹபூப். “சொன்னா கோவிச்சுக்குவீங்க.”

“மிஸ், அப்ப கீழே நீங்களே வாசிங்க. நான் மேலேயே இருக்கேன்.”

“வீட்ல மீன் மசாலா தடவி வெச்சிருக்கேன் சார்.” மிஸ் வாத்தியத்தைக் கழற்றிச் சுவரில் சாத்தினார்.

அறவாழி தன் ஆறு தந்திகளைப் பார்த்துக்கொண்டே நின்றார். “அத்தனை வருஷமும் கீழேயே நின்னேன். தனியா வந்தும் கீழேயா?”

“அங்கே யார் மெட்டுக்குக் கீழே நின்னீங்க?”

“அவங்க மெட்டு.”

“இது?”

“என் மெட்டு.”

மிஸ் மிச்சமிருந்த பப்ஸை எடுத்துக்கொண்டார்.

“மெஹபூப், மெட்டு மனப்பாடமா?” என்றார் அறவாழி.

“காலையிலேர்ந்து வேற என்ன கேட்டேன்?”

தொடங்கினார்கள். மெஹபூப் மெட்டை எடுத்துக்கொண்டு நடந்தார், ஓடினார், கடைசியில் அதை எங்கோ தொலைத்துவிட்டுத் தெரியாத சந்துக்குள் நுழைந்தார். அறவாழி யாரும் எதிர்பாராத ஒரு கனத்த சுரத்தைக் கீழே வைத்தார். அந்தச் சந்துக்கு அதுதான் வழி என்பதுபோல மூவரும் ஒன்றாகத் திரும்பினார்கள். லூர்து “ஆண்டவரே!” என்று கத்தியதும் பதிவாகிவிட்டது. அதை நீக்க வேண்டாம் என்று அங்கேயே முடிவாயிற்று. வாசிக்கும்போதே அறவாழி சிரித்துக்கொண்டிருந்தார். பழைய குழுவில் அவர் அப்படிச் சிரித்ததாகத் தகவல் இல்லை.

முடித்தபோது மூவருக்கும் சட்டை நனைந்திருந்தது. முதல் உருப்படி தேறி நின்றது.

மிஸ் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். அறவாழி பின்னாலேயே வந்தார்.

“மிஸ், ஒரே ஒரு சந்தேகம். மெட்டு மெஹபூப்கிட்ட. வேகம் லூர்துகிட்ட. இது என் ஆல்பம்னு கேக்கிறவனுக்கு எப்படித் தெரியும்?”

“அதுக்குத்தான் ஆல்பத்துக்கு மேல அட்டைன்னு ஒண்ணு அடிக்கிறாங்க சார். பேரைச் சொல்றது அதோட வேலை. அதோட பங்கையும் நீங்களே வாசிக்காதீங்க.”