நூற்றெட்டு ஓலையும் ஒரு வெற்றிலையும்

முன்னொரு காலத்தில், மழைக்கும் மன்னருக்கும் ஒரே சமயத்தில் கிறுக்குப் பிடிக்கும் ஒரு நாடு இருந்தது. மழைக்கு ஐப்பசி பிறந்ததும் பிடிக்கும். மன்னர் அகளங்க பூபதிக்கு அதற்கு நாலு நாள் முன்னதாகவே பிடித்துவிடும்.

போன ஐப்பசியில் பெரிய ஏரி உடைத்துக்கொண்டது. ஏரிக்குக் கீழே இருந்த பள்ளத்தெருவில் ஒன்பது வீடுகளை வெள்ளம் அள்ளிக்கொண்டு போனது. நடக்கமுடியாத ஒரு கிழவரையும் கூடவே கொண்டுபோனது. ஆகவே இந்த ஆண்டு மன்னர், "வெள்ளம் வந்தால் யார் யார் என்னென்ன செய்ய வேண்டும் என்று ஒரு திட்டம் வேண்டும்" என்றார். அதுவரைக்கும் நல்ல யோசனைதான். அதை எழுதும் பொறுப்பை மூத்த மந்திரியான பிரதானி வல்லப ராயரிடம் கொடுத்தாரே, அங்கேதான் கோளாறு.

பிரதானியார் மேட்டுத்தெருவில் மூன்றடுக்கு மாளிகையில் இருப்பவர். வெள்ளத்தை மாடியிலிருந்து பார்த்திருக்கிறார். அவர் எழுதிய வெள்ளக்காப்புத் திட்டம் நூற்றெட்டு ஓலை. அதைப் பட்டுத்துணியில் சுற்றி, சந்தனம் பூசி, யானைமேல் ஏற்றிச் சபைக்குக் கொண்டுவந்தார்.

மன்னர் சொக்கிப்போனார். "ஆகா! இனி நம் நாட்டில் வெள்ளம் வந்தால் இதன்படிதான் வர வேண்டும். இதில் எழுத்துப் பிசகாமல் நடக்க வேண்டும். மீறுபவன் யாராயினும் நாடு கடத்தப்படுவான்!" என்று முத்திரை மோதிரத்தை அழுத்தினார்.

பிரதானியாருக்கு அது போதவில்லை. சபையில் அவருக்குக் கண்ணில் விழுந்த தூசு ஒன்று இருந்தது. விகடகவி ஆனையப்பன்தான் அது. பெயர்தான் ஆனை, ஆள் முருங்கைக்காய். மன்னரைச் சிரிக்கவைத்தே பிரதானியாரின் பாதி யோசனைகளைக் கவிழ்த்தவன்.

"அரசே, திட்டத்தை நடத்த ஒரு வெள்ளக்காப்பு அதிகாரி வேண்டும். பள்ளத்தெருவிலேயே குடியிருக்கும் ஆனையப்பனைவிடப் பொருத்தமானவர் யார்? ஓர் உயிர் போனாலும் அவர் தலை பொறுப்பு" என்றார் பிரதானியார், தேன் ஒழுக.

"அப்படியே ஆகட்டும்!" என்றார் மன்னர்.

ஆனையப்பன் ஓலைகளை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்தான். முதல் நாற்பது ஓலைகளில், வெள்ள ஆலோசனை கூடும்போது முதல் தாம்பூலம் யாருக்கு என்பதுதான் இருந்தது. ஐம்பத்திரண்டாம் ஓலைப்படி, படகுகள் நனைந்தால் இற்றுப்போகும் என்பதால் அரண்மனைப் பரணில் பூட்டி வைக்கப்பட வேண்டும். சாவி பிரதானியாரிடம். ஏரியில் தண்ணீர் ஏறினால் மடைகாவலன் ஊர்க்காவலரிடம் சொல்ல வேண்டும். ஊர்க்காவலர் தளபதியிடம், தளபதி பிரதானியிடம், பிரதானி மன்னரிடம். உத்தரவு அதே படிகளில் இறங்கிவரும். பள்ளத்தெருவுக்குக் கடைசியில் சொல்வார்கள், அங்கே கேட்க யாராவது மிச்சமிருந்தால்.

திட்டத்தின்படி நடந்தால் தெரு போகும். நடக்காவிட்டால் நாடு கடத்தல். இருதலைக்கொள்ளி எறும்பாக உட்கார்ந்திருந்தான்.

அவன் மனைவி அங்கம்மாள் அரிசி புடைத்த சுளகைக் கீழே வைத்தாள். "ஏங்க, நம்ம செங்கமலம் எட்டு மாசம். தலைப்பிரசவத்துக்கு வந்த புள்ளய வெள்ளத்துலயா போடப்போறீங்க? நாளைக்கே மேட்டுக் கோயிலுக்குப் போயிரலாம்."

"நாம போயிரலாம்டி. மிச்சம் முந்நூறு வீடு எங்க போகும்?"

அங்கம்மாள் ஓலைக்கட்டைப் பார்த்தாள். "இம்புட்டு எழுதினவரு ஒரு நாளு தண்ணிக்குள்ள நின்னு பாத்திருக்காரா?"

ஆனையப்பன் நிமிர்ந்து உட்கார்ந்தான். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பதைச் சமைத்துப் பார்த்தால்தானே தெரியும்!

மறுநாள் சபையில், "மகாராஜா, கூத்துக்கே ஒத்திகை உண்டு. இவ்வளவு அரிய திட்டத்துக்கு ஒத்திகை இல்லாமல் இருக்கலாமா?" என்றான்.

"அருமை! நடத்து."

"ஒரு சிறு சிக்கல். ஒத்திகை என்றால் வெள்ளத்தில் அகப்பட்டவர் ஒருவர் வேண்டும். திட்டத்தின் மூன்றாம் ஓலை, 'எதிலும் முதலிடம் மன்னருக்கே' என்கிறது. வேறொருவரை முதலில் அகப்படவைத்தால் நான் திட்டத்தை மீறியவன் ஆகிவிடுவேன்."

அது பிரதானியாரே எழுதிய ஓலை என்பதால் அவரும் தலையாட்ட வேண்டியதாயிற்று. மன்னரோ தமக்குக் கிடைத்த மரியாதையில் பூரித்துப்போனார்.

அரண்மனைக் குளத்தின் நடுவே நீராழி மண்டபம் இருந்தது. அடுத்த நாள் காலையில் மன்னர் வெற்றிலைப்பெட்டியும் கையுமாகப் படகில் போய் அங்கே அமர்ந்தார். படகு திரும்பியது, ஐம்பத்திரண்டாம் ஓலைப்படி அதைத் துடைத்துப் பரணில் ஏற்றிப் பூட்டினார்கள்.

ஆனையப்பன் கையசைத்தான். மடைகாவலன் வேம்பன், "சாமி அகப்பட்டுக்கிட்டாங்க!" என்று கத்திக்கொண்டு ஊர்க்காவலரிடம் ஓடினான். ஊர்க்காவலர் மைத்துனர் வீட்டுக் கல்யாணத்தில் பந்தியில் இருந்தார். பாயசம் முடியாமல் எழ முடியாது என்றார். அவரைத் தாண்டித் தளபதியிடம் போக வேம்பனுக்கு அதிகாரம் இல்லை. வாசலில் காத்து நின்றான்.

உச்சிப்பொழுதில் செய்தி ஒருவழியாகத் தளபதியைத் தாண்டிப் பிரதானியை எட்டி, குளக்கரையில் ஆலோசனை கூடியது. தாம்பூலத் தட்டு வந்தது. நிலத்தில் கூடினால் முதல் தாம்பூலம் தளபதிக்கு, நீரில் கூடினால் பிரதானிக்கு என்பது பதினேழாம் ஓலை.

"கரை என்பது நிலம்" என்றார் தளபதி.

"நீர் இருப்பதால்தான் அதற்குக் கரை என்று பெயர். ஆகவே அது நீரைச் சேர்ந்தது" என்றார் பிரதானி.

இரண்டு பண்டிதர்களை அழைத்துவர ஆள் போனது.

அந்த நேரம் பார்த்து வானம் பொத்துக்கொண்டது. குளம் ஏறியது. மண்டபத்தின் படிகள் ஒவ்வொன்றாக மூழ்கின. அரண்மனை மடைப்பள்ளியிலிருந்து கத்தரிக்காய் வதக்கும் வாசனை மட்டும் மன்னரிடம் போய்ச் சேர்ந்தது. ஒரு தவளை அவர் மடியில் குதித்து, கொஞ்சநேரம் யோசித்து, அங்கேயே உட்கார்ந்துவிட்டது.

"யாரங்கே! படகு எங்கே?" என்று மன்னர் அலறினார்.

"மகாராஜா, கூச்சல் செல்லாது. அகப்பட்டவர் தம் குறையை எழுத்தில் தர வேண்டும். அறுபத்தொன்றாம் ஓலை!" என்று கரையிலிருந்து ஆனையப்பன் கூவினான்.

"தண்ணீர் கணுக்காலுக்கு வந்துவிட்டதடா!"

"தெரிகிறது, அரசே. இதோ என் பக்கத்தில் வாழைமரத் தெப்பம் ஒன்று தயாராக இருக்கிறது. வேம்பன் கழியோடு நிற்கிறான். ஆனால் தெப்பம் எந்த ஓலையிலும் இல்லை. தள்ளினால் நாங்கள் நாடு கடத்தப்படுவோம்."

"நான் சொல்கிறேன், தள்ளு!"

"தங்கள் வாய்ச்சொல்லும் செல்லாது. நூற்றேழாம் ஓலை. திட்டத்தை மாற்ற முத்திரை வேண்டும்."

தண்ணீர் முழங்காலைத் தொட்டது. தவளை மன்னரின் தோளுக்கு மாறியது. மன்னர் வெற்றிலைப்பெட்டியைத் திறந்தார். ஒரு வெற்றிலையை எடுத்தார், சுண்ணாம்பை விரலில் தொட்டார். வெற்றிலையில் எவ்வளவுதான் எழுத முடியும்? அவருக்கு அப்போது எது வேண்டுமோ அதை மட்டும் எழுதினார்: 'முதலில் பார்த்தவனே, யாரையும் கேளாதே. உள்ளதைக்கொண்டு காப்பாற்று.' கீழே மோதிரத்தை அழுத்தி, உயரே தூக்கிக் காட்டினார்.

"மகாராஜாவே எழுதிவிட்டார்!" என்று ஆனையப்பன் கூவினான். வேம்பன் கழியை ஊன்றினான். பண்டிதர்கள் வந்துசேர்வதற்குள் மன்னர் கரையில் நின்று தும்மிக்கொண்டிருந்தார்.

மன்னர் சிரிக்கவில்லை. "என்னைப் பகல் முழுக்கப் பட்டினி போட்டாயே!"

ஆனையப்பன் சொன்னான்: "அரசே, நான் ஒன்றும் செய்யவில்லை. ஓலையில் எழுதியதை மீறி எதையும் செய்யாமல் நின்றேன். தங்களுக்கு ஒரு பகல் கிடைத்தது. ஏரி உடைந்தால் பள்ளத்தெருவுக்கு ஒரு நாழிகைகூடக் கிடைக்காது. அங்கே என் மகள் இருக்கிறாள்."

மன்னர் உள்ளே போய்விட்டார். போகும்போது வெற்றிலையைப் பிரதானியார் கையில் கொடுத்து, "இனி இதுதான் திட்டம், சபை நடுவே வாசியும்" என்று மட்டும் சொன்னார்.

அன்றே படகுகள் பரணிலிருந்து இறங்கிப் பள்ளத்தெரு முனைக்கு வந்தன. எந்த வீட்டில் நடக்கமுடியாதவர் உண்டு, யார் யாரைத் தூக்குவது, எந்த வழியாக மேட்டுக் கோயிலுக்கு ஏறுவது என்று ஆனையப்பன் வீடு வீடாகப் போய்ப் பேசி முடித்தான். வேம்பனிடம் ஒரு பெரிய பறையைக் கொடுத்தான்.

ஆறாம் நாள் காலையில் ஏரித் தண்ணீர் மடையின் மேல்கல்லைத் தொட்டது. வேம்பன் யாரையும் கேட்கவில்லை, பறையை அடித்தான். உச்சிப்பொழுதுக்கு ஏரி உடைத்துக்கொண்டு பள்ளத்தெருவின் கூரைகளுக்கு மேலே ஓடியது. அங்கே அதற்கு ஓர் ஆட்டுக்குட்டிகூட அகப்படவில்லை.

அதன் பிறகுதான் மன்னருக்கே விஷயம் தெரிந்தது. பரிவாரத்தோடு நனைந்துகொண்டு மேட்டுக் கோயிலுக்கு ஓடிவந்தார். வாசலில் அங்கம்மாள் ஒரு முறத்தில் புளியங்கொட்டை வைத்து ஆள் எண்ணிக்கொண்டிருந்தாள். தலை நிமிராமலே கேட்டாள்: "எந்தத் தெரு? எத்தன பேரு?"

மன்னர் விழித்தார். "அரண்மனைத் தெரு... இருபது பேர்."

"ஈரத்தப் பிழிஞ்சிட்டு வாங்க. கஞ்சி அந்தப் பக்கம், வரிசையில நில்லுங்க."

பிரதானியார் பதறினார். மன்னரோ தூணைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தார். "என்னைக் கேட்காமல் என் நாட்டில் நடந்த முதல் காரியம் இது. என்ன ஒழுங்காக நடந்திருக்கிறது!"

உள்ளே செங்கமலம் வயிற்றைத் தாங்கியபடி இரண்டாவது கலயம் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்ததும் ஆனையப்பனுக்கு அழுகை வந்தது. எல்லோர் முன்னிலையிலும் அழுதான்.

மன்னர் தம் முத்துமாலையைக் கழற்றி அவன் கழுத்தில் போட்டார். "இது போதாது. இன்னும் என்ன வேண்டும், கேள்."

"பள்ளத்தெருவில் ஏரிக்கரையை ஒட்டி ஒரு வீடு வேண்டும், மகாராஜா."

"அங்கேதான் உனக்கு வீடு இருக்கிறதே?"

"எனக்கில்லை. அடுத்த திட்டத்தையும் பிரதானியார்தானே எழுதப்போகிறார்? அவர் குடியிருக்க."

மன்னரின் சிரிப்பில் கோயில் புறாக்கள் எல்லாம் பறந்துவிட்டன. தண்ணீர் வடிந்ததும் வீடு கட்டப்பட்டது; பிரதானியார் குடும்பத்தோடு குடியேறினார். அடுத்த ஐப்பசிக்குள் ஏரிக்கரை மூன்று முழம் உயர்ந்துவிட்டது. மண்கூடையைத் தூக்கிய முதல் ஆள் வல்லப ராயர்தான் என்று அந்த ஊரில் சொல்கிறார்கள்.