ஆவி கேட்ட தாழ்ப்பாள்

இந்தக் கதையில் பேய் உண்டா இல்லையா என்பதைப் பிறகு பார்ப்போம். இப்போதைக்குக் கண்ணையும் காதையும் திறந்து வைத்திருங்கள்.

பல்கலைக்கழகத்தில் சமயவியல் படிக்கும் மதிவாணன், கயற்கண்ணி, தவமணி மூவரும் களப்பணிக்காக ஒரு கரிசல் ஊருக்குப் போனார்கள். உச்சிவெயில். குருவையா வீட்டு முற்றத்தில் பேயோட்டும் கோடாங்கி உடுக்கடிக்க, மருமகள் பொன்னுத்தாய் தலைவிரிகோலமாய் ஆடிக்கொண்டிருந்தாள். அவள் கணவன் லாரி ஓட்டுபவன்; வடக்கே போனால் திரும்ப வாரக்கணக்காகும். அவனுடைய முதல் மனைவி கோமதி அந்த வீட்டு உள்ளறையில் தூக்கில் தொங்கியவள். பொன்னுத்தாய் அவளைப் பார்த்ததே இல்லை. ஆனாலும் வாய் திறந்தபோது, கோமதி குரலேதான் என்று தெருப்பெண்கள் பின்வாங்கினார்கள். தவமணிக்குப் பேயில் நம்பிக்கை கிடையாது. இருந்தும் அவளும் ஓரடி பின்வைத்தாள்.

சேவல் வேண்டுமா, சேலை வேண்டுமா என்று கோடாங்கி கேட்டார். எல்லாவற்றுக்கும் அந்தத் தலை மறுத்து ஆடியது. பிறகு தரையைப் பார்த்தபடி சொன்னது:

“உள்ரூமுக்கு உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள்.”

குருவையா முகத்தைத் துடைத்துக்கொண்டார். கிடாயே வெட்டுகிறேன், தாழ்ப்பாள் பேச்சு வேண்டாம் என்று பேரம் பேசினார்.

ஆடுகிறவள் தாங்கமாட்டாள், கிடாயோடு சீக்கிரம் முடித்துவிடுங்கள் என்று கயற்கண்ணி கோடாங்கியிடம் கெஞ்சினாள். மதிவாணன் முன்னால் வந்து, பேயுமில்லை பிசாசுமில்லை, இந்தப் பெண்தான் தன் பயத்தைச் சொல்கிறாள் என்றான்.

“அப்போ நடிக்கிறாளா?” குருவையா மருமகளின் கூந்தலைப் பற்றினார். உடுக்கை நின்றது.

தவமணி நடுவே போய் மண்டியிட்டாள். “தாயி, தாழ்ப்பாள் வச்சுட்டா போயிருவியா?”

ஆமென்று தலை அசைந்தது. தவமணி குருவையா பக்கம் திரும்பினாள்.

“கேட்டதக் குடுக்காட்டி அது போகாதுய்யா. அடுத்து ஒங்க மேலதான் வரும்.”

குருவையாவின் பிடி தளர்ந்தது. பொழுது சாய்வதற்குள் ஆசாரி வந்து தாழ்ப்பாளை அடித்துவிட்டுப் போனார்.

கயற்கண்ணி இரக்கப்பட்டாள். மதிவாணன் உண்மை பேசினான். தவமணியோ நம்பாததை நம்பியதுபோல் பேசினாள். இதில் யார் செய்தது சரி?

விடை: சுவருக்குள் நுழைந்து வரும் ஆவிக்குத் தாழ்ப்பாள் எதற்கு? அந்த அறையில் உயிரோடு படுப்பவளுக்குத்தான் அது வேண்டும். இது மதிவாணனுக்கும் புரிந்தது. ஆனால் மருமகள் கேட்டால் அடி விழும் வீட்டில், ஆவி கேட்டால் ஆசாரி வருவார் என்பது தவமணிக்கு மட்டுமே தெரிந்தது. பேய் உண்டா என்று கேட்க யாரும் பல்கலைக்கழகம் போகவேண்டியதில்லை. ஒரு நம்பிக்கைக்குள் யார் ஒதுங்கி நிற்கிறார்கள் என்று பார்க்கத்தான் அந்தப் படிப்பு. ஆகவே தவமணி செய்ததே சரி.

ஆனால் தவமணிக்கே இந்த விடை முழுதாக ஒட்டவில்லை. மயக்கம் தெளிந்ததும் பொன்னுத்தாய் அவளிடம் மெதுவாகக் கேட்டாள், “நான் என்னக்கா கேட்டேன்?”

தவமணி சொன்னாள். பொன்னுத்தாயின் முகம் வெளுத்தது.

“அப்போ கோமதிக்கும் அப்படித்தானா?”