நான்கு புள்ளி இரண்டு

பெனாசிரிடம் தொழில் கற்க வந்தபோது தங்கப்பழத்துக்கு வயது நாற்பத்தேழு. அவளுக்கு முப்பத்தொன்று. அவர் பாடம் நடத்திய பாலிடெக்னிக்கை மூடிவிட்டார்கள். அவளை விளையாட்டாகக் 'குருவே' என்பார். அவள் அவரைச் 'சார்' என்பாள்.

ரத்த வங்கிகளுக்கான மென்பொருளை, அது ஓடத் தேவையான கோப்புகளோடு ஒரே பொதியாக, அதாவது கன்டெய்னர் இமேஜாகக் கட்டி, எண்ணிட்டு, இணையக் கிடங்கில் வெளியிடுவது அவர்கள் வேலை. ஊர் ஊராக இருக்கும் சர்வர்கள் அந்த எண்ணைச் சொல்லி இறக்கிக்கொள்ளும்.

4.2, அவர் தனியாகக் கட்டி வெளியிட்ட முதல் இமேஜ். எடை குறையட்டும் என்று வேண்டாத கோப்புகளை நீக்கினார். இந்திய நேரத்துக்கான கோப்பும் அவற்றோடு போயிற்று. மறுநாள் காலை அவரே கண்டுபிடித்தார். அந்தக் கோப்பு இல்லாததால் மென்பொருளின் கடிகாரம் கிரீன்விச் நேரத்தில், ஐந்தரை மணி நேரம் பின்தங்கி ஓடியது. பத்து மணிக்குக் காலாவதியாகும் ரத்தப் பை, மூன்றரை வரை நல்லது என்றே திரையில் இருக்கும்.

கோப்பைச் சேர்த்து மறுபடி கட்டினார். அதே 4.2 என்ற எண்ணில், பழையதன் மேலேயே வெளியிட்டார். பிறகு அவளிடம் வந்தார்.

"குருவே, சரிசெய்துவிட்ட பிழையை ஊரைக் கூட்டிச் சொல்லத்தான் வேண்டுமா?"

"ஏன், சார்?"

"வெள்ளிக்கிழமை என்னை நிரந்தரமாக்குவதாகப் பேச்சு."

அவள் தன் மடிக்கணினியை அவர் பக்கம் திருப்பினாள். "இதில் 4.2-ஐ ஓட்டுங்கள்."

ஓட்டினார். அந்த எண் ஏற்கெனவே கணினியில் இருந்ததால், அது கிடங்குக்குப் போகவே இல்லை. நேற்று இறக்கி வைத்திருந்த 4.2-ஐயே எழுப்பியது. கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்னால் ஓடியது.

அவள் தொலைபேசியை நீட்டினாள். அவர் தர்மபுரி ரத்த வங்கியை அழைத்தார். டெக்னீஷியன் ரெஜினா எடுத்தாள்.

"எந்த வெர்ஷன்மா போட்டிருக்கீங்க?"

"4.2 தான் சார். போடு போடுன்னு நீங்கதானே உயிரை எடுத்தீங்க?"

"நேத்து இறக்கினதா, இன்னைக்கா?"

"யாருக்கு சார் ஞாபகம்? ரெண்டும் 4.2 தானே? சீக்கிரம் சொல்லுங்க, பிரசவ கேஸுக்குப் பை எடுத்து வச்சிருக்கேன்."

அவர் பெனாசிரைப் பார்த்தார். அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"திரையை நம்பாதீங்கம்மா. பையில ஒட்டியிருக்கிற தேதியையும் நேரத்தையும் பாருங்க. தப்பு என்னோடது."

மறுமுனையில் பிளாஸ்டிக் சரசரத்தது. "இன்னைக்குக் காலைல ஒன்பது மணியோட முடிஞ்சிருக்கு சார்," என்றாள். பிறகு யாரையோ கூப்பிட்டுக்கொண்டே வைத்துவிட்டாள்.

அவர் உட்கார்ந்து, திருத்தியதை 4.3 என்ற புது எண்ணில் வெளியிட்டு, அறிவிப்பைத் தட்டினார்: '4.2-ஐ யாரும் பயன்படுத்த வேண்டாம். 4.3-க்கு மாறவும். 4.2-இல் நேரம் தவறு. தவறு செய்தவன் தங்கப்பழம்.'

அனுப்பும் முன் விரல் நின்றது.

"இன்று கட்டிய 4.2-இல் ஒரு குறையும் இல்லையே. அதையும் சேர்த்தா தள்ளச் சொல்வது?"

"அதை மட்டும் தனியாகக் கூப்பிட ஒரு பெயர் சொல்லுங்கள், சார்."