சங்கு ஊதவில்லை

கடலோர ஊர் ஒன்றில் இறால் உரிக்கும் கம்பெனி இருந்தது. அதன் சுவரில் ஒரு சென்சாரும், அதற்கு மேலே ஓர் அபாயச் சங்கும் குடியிருந்தன. இறாலை உறைய வைக்கும் குழாய்களில் ஓடும் அமோனியா வாயு கசிந்தால், சென்சார் மோப்பம் பிடித்துச் சொல்லும். சங்கு ஊதும். சென்சாருக்குக் குரல் கிடையாது. சங்குக்கு மூக்கு கிடையாது.

ஒருநாள் லேசாக வாடை வந்ததும் சென்சார் சொல்லிவிட்டது. சங்கு அலறியது. பெண்கள் விழுந்தடித்து ஓடினார்கள். ஈரத்தரையில் வழுக்கி விழுந்த சூசைமரியாளுக்கு மணிக்கட்டு முறிந்தது. தேடிப் பார்த்தால் கசிவு எதுவும் இல்லை. தரை கழுவின மருந்தின் வாடைதான்.

"பாழாப்போன சங்கு" என்று போவோர் வருவோரெல்லாம் திட்டினார்கள்.

"திட்டு எனக்குத்தான் விழுகிறது. உன்னை யார் நிமிர்ந்து பார்க்கிறார்கள்?" என்றது சங்கு. "இனிமேல் நிச்சயமாகத் தெரிந்தால் மட்டும் சொல்."

சென்சார் தலையாட்டியது. அன்றிலிருந்து அதற்குத் தன் மூக்கின் மேலேயே பயம்.

சூசைமரியாள் கட்டுப் பிரித்து வேலைக்குத் திரும்பிய வாரம். மதியச் சாப்பாடு முடிந்து பெண்கள் மேசைக்கு வந்திருந்தார்கள். மெல்லிய காரம் ஒன்று காற்றில் மிதந்து வந்து சென்சாரைத் தொட்டது.

'மருந்தாக இருக்கும்' என்று அது காத்திருந்தது. காரம் கொஞ்சம் ஏறியது. 'இன்னும் கொஞ்சம் பார்ப்போம்' என்று மறுபடியும் காத்திருந்தது.

கீழே பிரிசில்லா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "அக்கா, கண்ணு எரியுது."

"எனக்கும் தொண்டை கரகரங்குது" என்றாள் சூசைமரியாள். "ஏட்டி, எந்திரி. வெளிய போயிருவோம்."

மேஸ்திரி தனிஸ்லாஸ் வாசலை மறித்துக்கொண்டு நின்றார். "எங்கம்மா போறீங்க? போன தடவ ஓடி கைய ஒடச்சது போதாதா?"

"வாட அடிக்கி அண்ணாச்சி."

"சங்கு ஊதலல்லா? அப்ப ஒண்ணுமில்ல. போய் உக்காருங்க."

பிரிசில்லா திரும்பிப் போய் உட்கார்ந்தாள். சூசைமரியாள் நகரவில்லை.

சென்சார் மேலேயிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தது. தான் வாய் மூடியிருப்பதையே அந்த மனிதர் சாட்சியாகக் காட்டுகிறார். அது சங்கை எழுப்பியது.

"நிச்சயமாகத் தெரியுமா?" என்று கேட்டது சங்கு.

"தெரியாது. பயமாக இருக்கிறது."

"பயத்தை வைத்துக்கொண்டு எப்படி ஊதுவது? மறுபடி யாராவது விழுந்தால்?"

"விழட்டும். ஊது."

சங்கு ஊதியது. சூசைமரியாள் தனிஸ்லாஸைத் தள்ளிவிட்டுக் கதவைத் திறந்தாள். பெண்கள் அவள் பின்னால் ஓடினார்கள். அந்த நேரம் குழாய் வெடித்தது. வெள்ளைப் புகை பொங்கி மேசைகளை மூடியது. கடைசி மேசையிலிருந்து எழுந்த பிரிசில்லா வாசலை எட்டுவதற்குள் புகை அவளைப் பிடித்துக்கொண்டது. வாயில் ஈரத்துணியைக் கட்டிக்கொண்டு தனிஸ்லாஸ் உள்ளே பாய்ந்து, அவளைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

பிரிசில்லா பிழைத்தாள். ஆனால் அவள் பேச்சு, காதருகே சொல்லும் ரகசியம் போல ஆகிவிட்டது. இறால் மேசைக்கு அவள் திரும்பவே இல்லை. தனிஸ்லாஸ் யாரிடமும் எதுவும் சொல்லாமல் வேலையை விட்டுப் போனார்.

குழாய்களை மாற்றிக் கம்பெனியைத் திறந்தார்கள். பெண்கள் வந்தார்கள். மேசையில் உட்காரும் முன் ஒவ்வொருத்தியும் காற்றை மோந்து பார்த்தாள். இறாலை உரிக்கும்போது அடிக்கொரு தரம் சுவரை நிமிர்ந்து பார்த்தார்கள்.

"நான்தான் இன்றைக்கு ஊதவே இல்லையே. ஏன் இப்படிப் பார்க்கிறார்கள்?" என்று கேட்டது சங்கு.



"முன்பு உன் சத்தத்துக்குப் பயந்தார்கள்" என்றது சென்சார். "இப்போது நீ சும்மா இருப்பதற்குப் பயப்படுகிறார்கள்."